புல்லும் சாட்சி, புல்லின்மேல் வாழும் நுண்ணுயிரும் சாட்சி

தடயங்களின் வரலாறு – 14: தாவரச் சான்று

குற்றம் நிகழ்ந்த இடத்திலிருந்து யாரும் அழைக்காமலே உடன் கிளம்பிவிடும் பொருள்களுள் தாவரப் பொருள்களுக்கு முதலிடம் உண்டு. வேட்டி ஓரத்தில் ஏறிய ஒட்டுப்புல், செருப்படியில் குத்திய நெருஞ்சி முள், வண்டிச் சக்கரத்துச் சேற்றில் படிந்த பாசி, கண்ணுக்கே புலப்படாத மகரந்தத் துகள் ஆகியவற்றைச் சுமந்து செல்கிறோம் என்ற நினைவு அவற்றைச் சுமப்பவருக்கு இருப்பதில்லை. இருந்தும், கைரேகைக்கும் துப்பாக்கித் தோட்டாவுக்கும் நீதிமன்றத்தில் கிடைத்த மதிப்பு இவற்றுக்குக் கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. கிடைத்த இலை எந்தச் செடியினுடையது, அந்தச் செடி எந்த நிலத்துக்கு உரியது என்று ஐயமறச் சொல்வதற்கு, அச்செடியை அதற்கு முன்பே ஒருவர் இனங்கண்டு, பெயரிட்டு, மாதிரியாகப் பாதுகாத்து வைத்திருக்க வேண்டும் என்பதே அத்தாமதத்துக்குக் காரணம். ஆகவே தாவரச் சான்றின் வரலாறு என்பது துப்பறிந்தவர்களின் வரலாறாக இருப்பதைவிட, குற்றம் எதையும் மனத்தில் கொள்ளாமல் விதைகளையும் கட்டைகளையும் மகரந்தங்களையும் தொகுத்து வைத்தவர்களின் வரலாறாகவே பெரிதும் அமைந்திருக்கிறது.

இதனை விளங்கிக்கொள்ள, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் ஆகிய இரு நகரங்களின் வட்டாரத்தில் அமைந்த வன்னியம்பட்டியைச் சூழ்ந்த நிலம் நல்லதோர் அளவுகோலாகும். மேற்கே 2021ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் மலைக்காடு நிற்கிறது. அதன் அடிவாரத்தில் செண்பகத்தோப்பு முதலிய இடங்களை ஒட்டி மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் விரிகின்றன. அவற்றுக்குக் கீழே கண்மாய்களும் அவற்றின் பாசனத்தில் விளையும் நெல்வயல்களும் வருகின்றன. இன்னும் கிழக்கே சென்றால் பருத்தி விளையும் கரிசல் தொடங்கிவிடுகிறது. ஒருவர் ஒரே பகலில் கடந்துவிடக்கூடிய இந்தத் தொலைவுக்குள் மண், நீர், மரம், புல் அனைத்தும் மாறிவிடுவதால், ஒருவரது உடையில் ஒட்டியவற்றைக் கொண்டு அவர் எந்தப் பகுதியில் நடந்தார் என்று கேட்பது இங்கே பொருளுள்ள கேள்வியாகிறது.

விதையில் தொடங்கிய விசாரணை

இந்தியாவில் குற்றவியல் நோக்கில் வேதிப் பகுப்பாய்வு செய்வதற்கென முதன்முதலில் அமைந்த ஆய்வகம் 1849ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பட்ட வேதியியல் பரிசோதகர் ஆய்வகம் ஆகும். கல்கத்தாவில் 1853ஆம் ஆண்டிலும், ஆக்ராவில் 1864ஆம் ஆண்டிலும், பம்பாயில் 1870ஆம் ஆண்டிலும் இத்தகைய ஆய்வகங்கள் பின்தொடர்ந்தன. நஞ்சுண்டு இறந்தோரின் உள்ளுறுப்புகள் முத்திரையிட்ட சாடிகளில் இத்தகைய ஆய்வகங்களுக்கு வந்து சேர்ந்தன. ஆர்சனிக் போன்ற கனிம நஞ்சுகளைக் கண்டறிய 1836ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் மார்ஷ் வகுத்த முறை கைவசம் இருந்தது. தாவர நஞ்சுகளோ உடலின் கரிமப் பொருள்களோடு கலந்து மறைந்துவிடுபவை. பெல்ஜியத்தைச் சேர்ந்த ழான் செர்வே ஸ்டாஸ், புகையிலையின் நஞ்சான நிகோடினை இறந்தவரின் உடலிலிருந்து பிரித்துக் காட்டி 1851ஆம் ஆண்டு வழக்கொன்றில் சாட்சியமளித்த பிறகே அந்த மறைவு நீங்கத் தொடங்கியது.

ஆயினும் இந்தியப் பரிசோதகர்களுக்குப் பல வழக்குகளில் வேதியியலுக்கு முன்பாகத் தாவரவியலே கைகொடுத்தது. வழிப்போக்கர்களுக்கு ஊமத்தை கலந்த உணவைக் கொடுத்து மயக்கிக் கொள்ளையடிக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆவணங்களில் அடிக்கடி பதிவாகியுள்ளது; நார்மன் செவர்ஸ் 1856ஆம் ஆண்டில் வெளியிட்ட சட்ட மருத்துவக் கையேடும் இதனை விரிவாகப் பேசுகிறது. மிளகாய் இல்லாத சமையல் அரிதான நாட்டில், இரைப்பையிலிருந்து எடுக்கப்பட்ட சிறு விதை ஊமத்தையினுடையதா, குழம்பில் போட்ட வத்தலினுடையதா என்ற கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். ஊமத்தை விதை சிறுநீரக வடிவில், தடிப்பாக, பழுப்பு நிறத்தில், மேற்பரப்பெங்கும் சிறு குழிகளோடு காணப்படும். மிளகாய் விதை தட்டையாகவும் வட்டமாகவும் வெளிர் மஞ்சளாகவும் வழவழப்பாகவும் இருக்கும். சவர அலகினால் விதையை நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தால், ஊமத்தையின் கரு வெளிநோக்கி வளைந்திருப்பதும், மிளகாயின் கரு 6 என்ற எண்ணைப் போல உள்நோக்கிச் சுருண்டிருப்பதும் தெரியும். ஜெய்சிங் மோடி 1920ஆம் ஆண்டில் வெளியிட்ட சட்ட மருத்துவப் பாடநூலின் வழியில் பயின்ற இந்திய மருத்துவ மாணவர்கள் அனைவரும் கற்கும் பாடமாக இந்த வேறுபாடு நிலைபெற்றுவிட்டது.

தோலுக்காக மாடுகளைக் கொல்லும் வழக்குகளில் குன்றிமணி இதே இடத்தை வகித்தது. குன்றிமணியை அரைத்து ஊசி வடிவில் காயவைத்து மாட்டின் தோலுக்கடியில் குத்திச் செருகிவிடுவதால், இறப்பு நோயினால் நேர்ந்ததைப் போலத் தோன்றும். கல்கத்தாவில் பணியாற்றிய வார்டனும் வாடெலும் 1884ஆம் ஆண்டில் இந்நஞ்சு கிருமியினால் வருவதன்று, விதையிலுள்ள புரதத்தினால் வருவது என்று நிறுவினர். தாவரத்தின் நஞ்சு எது, நுண்ணுயிரின் வேலை எது என்று பிரித்தறிய வேண்டிய தேவை அக்காலத்திலேயே எழுந்துவிட்டது என்பதற்கு இந்த ஆய்வு சான்றாகும்.

அறியப்படாத தாவரம் சாட்சி சொல்லாது என்பதை மலைக்கு அப்பால் உள்ள கேரளத்தின் அனுபவம் எடுத்துக்காட்டுகிறது. அங்கு ஒதளம் என்றும் தமிழில் காட்டரளி என்றும் வழங்கும் மரத்தைப் பற்றி 2004ஆம் ஆண்டில் பிரெஞ்சு, இந்திய ஆய்வாளர்கள் இணைந்து வெளியிட்ட ஆய்வு, 1989 முதல் 1999 வரையிலான காலத்தில் அம்மரத்தின் நஞ்சினால் 537 பேர் கேரளத்தில் இறந்ததாகக் கணக்கிட்டது. உள்ளூரில் எல்லோரும் அறிந்திருந்த இந்த மரம், அது வளராத நாடுகளின் ஆய்வகங்களுக்கு அதுவரை ஏறத்தாழ அந்நியமாகவே இருந்தது. தேடவேண்டிய பொருள் எது என்று தெரிந்த பின்னரே கருவி அதனைக் கண்டது.

கட்டையின் வாக்குமூலம்

விதை உண்டவரைப் பற்றிப் பேசியது என்றால், மரக்கட்டை அதை அறுத்தவரைப் பற்றிப் பேசியது. அமெரிக்க விமானி சார்லஸ் லிண்ட்பெர்கின் குழந்தை 1932ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் கடத்தப்பட்டபோது வீட்டருகே விடப்பட்டிருந்த கையால் செய்த ஏணியை, விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் உள்ள வனப்பொருள் ஆய்வகத்தின் மர உடற்கூற்று வல்லுநர் ஆர்தர் கோலர் ஆராய்ந்தார். இழைப்பு எந்திரத்தின் கத்தி கட்டையில் பதித்திருந்த நுண்ணிய கோடுகளைக் கொண்டு அது அறுக்கப்பட்ட ஆலையையும் விற்கப்பட்ட மரக்கடையையும் அவர் தேடிக் கண்டார். ஏணியின் ஒரு சட்டம், குற்றம் சாட்டப்பட்ட புரூனோ ஹாப்ட்மனின் வீட்டுப் பரண் தளத்திலிருந்து அறுத்த பலகை என்பதை, ஆண்டு வளையங்களின் ஒழுங்கையும் ஆணித் துளைகளின் பொருத்தத்தையும் காட்டி 1935ஆம் ஆண்டு விசாரணையில் விளக்கினார். மரத்தைப் பற்றி வல்லுநர் கருத்து என ஒன்று இருக்க முடியுமா என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுப்பிய ஆட்சேபத்தை நீதிபதி ஏற்க மறுத்தது, தாவரவியலாளருக்குச் சாட்சிக் கூண்டில் நிலையான இடத்தைப் பெற்றுத் தந்தது.

இந்தியாவில் இத்துறையின் அடித்தளம் 1906ஆம் ஆண்டில் டேராடூனில் நிறுவப்பட்ட வன ஆராய்ச்சி நிலையத்தில் அமைந்தது. அங்கு சேர்க்கப்பட்ட கட்டை மாதிரிகள் கட்டட வேலைக்கும் ரயில் தண்டவாளக் கட்டைக்கும் உகந்த மரங்களைக் கண்டறிவதற்காகத் தொகுக்கப்பட்டவை. செம்மரக் கடத்தல் வழக்குகளில் அவை ஒரு நாள் பயன்படும் என்று தொகுத்தவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரிய செம்மரத்தையும் அதன் உறவினமான வேங்கையையும் அறுத்த கட்டைகளாகக் காணும்போது மயக்கம் நேரலாம். செம்மரத்தின் வைரப்பகுதி நீரில் இட்டால் மூழ்கும் அளவுக்குக் கனமானது. அதன் செந்நிறம் நீரில் கரையாமல் சாராயத்தில் கரைந்து ஆழ்ந்த சிவப்பாக இறங்கும். வேங்கைச் சீவலோ நீரில் ஊறியதும் வெயிலில் நீலச் சாயை காட்டும். இவை முதற்குறிப்புகள் மட்டுமே. குறுக்கு, ஆரை, தொடுகோடு என்னும் மூன்று வெட்டுகளிலும் நுண்ணோக்கியால் நாளங்களையும் கதிர்த் திசுக்களையும் பார்த்து, பெயர் உறுதிசெய்யப்பட்ட மாதிரியோடு ஒப்பிட்ட பிறகே வல்லுநர் தம் கருத்தை எழுத்தில் தருவார்.

சில சட்டங்கள் தாவரவியலைத் தம் சொற்களிலேயே வைத்திருக்கின்றன. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடைச் சட்டம் கஞ்சா என்பதைச் செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிப்பகுதி என்று வரையறுத்து, நுனிப்பகுதியோடு சேர்ந்திராத இலையையும் விதையையும் விலக்கிவிடுகிறது. ஆகவே மூட்டையில் இருப்பது கஞ்சாச் செடியா என்பதோடு, அச்செடியின் எந்த உறுப்பு என்பதும் வழக்கின் முடிவைத் தீர்மானிக்கக்கூடியது. இலையின் மேற்புறத்தில் கரடியின் நகம் போல வளைந்து நிற்கும் மயிரின் அடியில் சுண்ணாம்புப் படிகம் இருப்பதையும், நீர்த்த அமிலத் துளி பட்டதும் அதிலிருந்து குமிழி எழுவதையும் நுண்ணோக்கியின் கீழ் காண்பது இனங்காணும் பழைய வழிகளுள் ஒன்றாகும்.

மகரந்தமும் கண்மாய்ப் பாசியும்

பிரான்சின் லியோன் நகரில் 1910ஆம் ஆண்டில் காவல்துறை ஆய்வகம் நிறுவிய எட்மோன் லொகார், தொடுகை நேரும் இடமெல்லாம் பொருள் மாற்றமும் நேரும் என்ற கருத்தைத் தம் பணிக்கு அடிப்படையாகக் கொண்டார். ஸ்ரீவில்லிபுத்தூரின் தல வரலாற்றிலேயே இக்கருத்துக்கு ஓர் இலக்கியமான எடுத்துக்காட்டு இருப்பது கருதத்தக்கது: பெருமாளுக்கென்று தொடுத்த மாலையை ஆண்டாள் சூடிப் பார்த்ததைப் பெரியாழ்வாருக்குத் தெரிவித்தது, பூக்களிடையே சிக்கியிருந்த கூந்தல் இழை ஒன்றே. அங்கே பூவின்மேல் கூந்தல் சான்றாயிற்று. தடயத் தாவரவியலில் கூந்தலின்மேல் பூவின் மகரந்தம் சான்றாகிறது.

மகரந்தத் துகளின் வெளிச்சுவர் அமிலத்துக்கும் காலத்துக்கும் எளிதில் அழியாத பொருளால் ஆனது; அதன் மேலுள்ள முள்களும் குழிகளும் வலைப்பின்னல்களும் பேரினத்துக்குப் பேரினம் வேறுபடுபவை. ஆஸ்திரியாவில் 1959ஆம் ஆண்டில் டான்யூப் ஆற்றங்கரையில் ஒருவர் காணாமல் போன வழக்கில், சந்தேகத்துக்குரியவரின் காலணிச் சேற்றை ஆராய்ந்த வில்ஹெல்ம் கிளவுஸ், இன்றைய மரங்களின் மகரந்தத்தோடு ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழமையான ஹிக்கரி மரத்தின் புதைபடிவ மகரந்தமும் கலந்திருப்பதைக் கண்டார். அத்தகைய கலவை வியன்னாவுக்கு வடக்கே ஒரு சிறு பகுதியில் மட்டுமே அமையக்கூடியது என்று காட்டப்பட்டதும், சந்தேகத்துக்குரியவர் உடலைப் புதைத்த இடத்தைச் சொல்லிவிட்டார். 1990களின் இறுதியில் போஸ்னியாவிலும் இதே முறை பயன்பட்டது. படுகொலை செய்யப்பட்டோரின் உடல்கள் முதற்குழியிலிருந்து தோண்டி வேறு குழிகளுக்கு மாற்றப்பட்டிருந்தன. பிரித்தானிய ஆய்வாளர் டோனி பிரவுனும் அவரது குழுவினரும் மண்ணையும் மகரந்தத்தையும் கொண்டு அக்குழிகளை ஒன்றோடொன்று தொடர்புபடுத்தினர்.

தென்னிந்தியாவில் மகரந்தத்துக்கான ஒப்பீட்டுத் தொகுப்பை உருவாக்கியதில் 1955ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் மகரந்தவியல் ஆய்வகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காட்டு மரங்களின் மகரந்தம் பற்றிய விளக்க நூல் 1994ஆம் ஆண்டில் அந்நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. அவ்வாய்வகத்தை உலகறியச் செய்த தமிழ் அறிஞர் கணபதி தணிகைமணி, 1986ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் கொல்லப்பட்டோருள் ஒருவர். செடிகளுக்கான தொகுப்பைப் பொறுத்தவரையில், 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்த கேம்பிள், ஃபிஷர் ஆகியோரின் சென்னை மாகாணத் தாவர நூலும், 1955ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் அமைந்த இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் தென் வட்டமும், திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் உலர்தாவரக்கூடத்திலிருந்து மத்தேயு அடிகளார் வெளியிட்ட தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதித் தாவர நூலும் இன்றும் வல்லுநருக்குத் துணை நிற்கின்றன.

இத்தொகுப்புகளை வைத்துக்கொண்டு வன்னியம்பட்டி வட்டாரத்தைப் பார்த்தால், எல்லா மகரந்தத்துக்கும் ஒரே மதிப்பு இல்லை என்பது தெளிவாகும். கண்மாய்க் கரையிலும் சாலையோரத்திலும் தரிசிலும் ஒன்றுபோல் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலத்தின் மகரந்தம் சட்டையில் இருப்பதால் எதுவும் நிறுவப்படுவதில்லை. காற்றில் நெடுந்தூரம் பறக்கும் புல்லின் மகரந்தமும் அத்தகையதே. பூச்சிகளை நம்பியிருப்பதால் மரத்தைவிட்டு வெகுதூரம் செல்லாத மாவின் மகரந்தம் மிகுந்து காணப்பட்டால் அது தோப்பை நோக்கிக் கைகாட்டும். அதனோடு மலைக்காட்டு மரம் ஒன்றின் மகரந்தமும் சேர்ந்திருந்தால் தேடவேண்டிய பரப்பு அடிவாரமாகச் சுருங்கும். அரிதானவை ஒன்றாகச் சேர்ந்து வருவதே சான்றின் வலிமை.

நீர்நிலைகளில் இந்தப் பணியை டயாட்டம் செய்கிறது. டயாட்டம் என்பது கண்ணாடியின் மூலப்பொருளான சிலிக்காவினால் ஓடு கட்டிக்கொள்ளும் ஒருசெல் பாசி. நீரில் மூழ்கியவரின் நுரையீரலில் அது காணப்படுவதை 1904ஆம் ஆண்டில் ரெவன்ஸ்டார்ஃப் தடயமாகப் பயன்படுத்தினார். உயிரோடு மூழ்கியவர் மூச்சோடு இழுத்த நீரிலுள்ள டயாட்டம், இதயம் துடிக்கும்வரை இரத்தத்தில் கலந்து எலும்பு மச்சை வரை சென்றுவிடும். இறந்தபின் நீரில் இடப்பட்ட உடலில் அவ்வாறு பரவுவதற்கு இரத்த ஓட்டம் இல்லை. எனவே எலும்பை அமிலத்தில் கரைத்து எஞ்சும் ஓடுகளை எண்ணி, உடல் கிடந்த கண்மாய் அல்லது கிணற்றின் நீரோடு ஒப்பிடுகின்றனர். ஆய்வகத் தண்ணீரிலிருந்தே டயாட்டம் கலந்துவிடும் வாய்ப்பு இருப்பதால் இம்முறையின்மேல் நீண்டகாலமாக விவாதம் நடந்துவருகிறது. பிற சான்றுகளோடு சேர்த்தே இதனை எடைபோடுவது வழக்கம்.

ஒரே மரமும் ஒட்டு மரமும்

இனத்தைச் சொல்லிவந்த தாவரச் சான்று தனி மரத்தையே சுட்டிக்காட்டியது 1990களில்தான். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 1992ஆம் ஆண்டில் நடந்த கொலை ஒன்றில், சந்தேகத்துக்குரியவரின் சரக்கு வண்டியில் பாலோ வெர்டே என்னும் மரத்தின் இரண்டு காய்கள் கிடந்தன. உடல் கிடந்த இடத்தில் அதே இன மரங்கள் பல நின்றமையால் இனத்தின் பெயர் மட்டும் போதவில்லை. அரிசோனா பல்கலைக்கழகத்தின் டிமோதி ஹெலன்ஜாரிஸ் மரங்களின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டு, காய்களின் டி.என்.ஏ. அங்கிருந்த ஒரே ஒரு மரத்தோடு மட்டும் பொருந்துவதைக் காட்டினார். 1995ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இச்சான்றை ஏற்றதை நிலைநிறுத்தியது.

இம்முறையை ராஜபாளையத்து மாந்தோப்புக்கு அப்படியே பொருத்த முடியாது. பாலோ வெர்டே விதையிலிருந்து முளைப்பதால் ஒவ்வொரு மரமும் தனி மரபு உடையது. தோப்பு மாமரங்களோ பெரும்பாலும் ஒட்டுக் கட்டியவை; ஒரு தாய்மரத்தின் தண்டிலிருந்து பெருக்கிய ஒட்டுக்கன்றுகளின் இலைகள் அனைத்தும் ஒரே மரபைக் கொண்டிருப்பதால், இலையின் டி.என்.ஏ. இந்தத் தோப்பையும் பக்கத்துத் தோப்பையும் பிரித்துக் காட்டாது. மரத்தின் மரபு மௌனமாகும் இவ்விடத்தில்தான் மரத்தின்மேல் வாழும் உயிர்கள் கவனத்துக்கு வருகின்றன.

இலைமேல் ஓர் ஊர்

வேரைச் சூழ்ந்த மண்ணில் தனிப்பட்ட நுண்ணுயிர்க் கூட்டம் வாழ்வதை 1904ஆம் ஆண்டில் ஜெர்மானியர் லோரன்ஸ் ஹில்ட்னர் வேர்மண்டலம் என்று பெயரிட்டுக் குறித்தார். இலைப் பரப்பிலும் அத்தகைய கூட்டம் உண்டு என்பதை 1955ஆம் ஆண்டில் லாஸ்டும் 1956ஆம் ஆண்டில் யாகோபா ருயினனும் எடுத்துக்காட்டினர். தமிழ்நாட்டில் இத்துறைக்கு வழிவகுத்தது பருத்தியின் வாடல் நோய் ஆகும்: அந்நோயைத் தரும் பியூசேரியம் பூசணத்தை மண்ணோடு தொடர்புபடுத்தி, சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தில் டி.எஸ். சதாசிவனும் அவருடைய மாணவர் சி.வி. சுப்பிரமணியனும் ஆராய்ந்தனர். கரிசல் சீமையின் பருத்தியைக் காப்பாற்றும் நோக்கத்தோடு பிறந்த இத்தகைய மண் நுண்ணுயிர் அறிவே, ஒரு பிடி மண் எந்த நிலத்தினது என்று கேட்கும் தடய அறிவியலுக்கும் முன்னோடியாகிறது.

இலையின் நுண்ணுயிர்க் கூட்டத்தை மண்ணின் தூசியும் காற்றின் ஈரமும் பாய்ச்சும் நீரும் தெளிக்கும் மருந்தும் அருகில் விளையும் பயிரும் சேர்ந்தே வடிவமைக்கின்றன. எனவே ஒரே மரபுடைய இரண்டு ஒட்டு மரங்கள் வெவ்வேறு தோப்புகளில் நின்றால் அவற்றின்மேல் குடியிருப்பவை வேறுபடலாம். ஆய்வகத் தட்டில் வளர்க்க இயலாத நுண்ணுயிர்களையும் டி.என்.ஏ. வரிசையைக் கொண்டு மொத்தமாகப் பட்டியலிடும் முறை வந்த பிறகு, இவ்வேறுபாட்டை அளக்கும் வழி திறந்தது. இறந்த உடலிலும் சுற்றியுள்ள மண்ணிலும் நுண்ணுயிர்கள் முறையாக மாறுவதைக் கொண்டு இறப்பு நேர்ந்த காலத்தைக் கணிக்கலாம் என்பதை, ஜெசிகா மெட்காஃபும் குழுவினரும் 2013ஆம் ஆண்டில் எலிகளைக் கொண்டு செய்த ஆய்வில் காட்டினர். 48 நாள் காலப்பரப்பில் அக்கணிப்பின் பிழை ஏறத்தாழ 3 நாளாக இருந்தது.

இதே துறை எச்சரிக்கைக்கும் பாடம் தந்துள்ளது. அமெரிக்காவில் 2001ஆம் ஆண்டில் ஆந்த்ராக்ஸ் கிருமி கலந்த கடிதங்களால் 5 பேர் இறந்து 17 பேர் நோயுற்றபோது, கிருமியின் மரபு மாறுபாடுகளைப் பின்தொடர்ந்த விசாரணை ஒரு குறிப்பிட்ட ஆய்வகக் குடுவை வரை சென்றது. ஆனால் 2011ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சிக் குழு வெளியிட்ட மதிப்பீடு, அறிவியல் சான்றை மட்டுமே கொண்டு கிருமியின் மூலத்தை முடிவாகச் சொல்ல முடியாது என்று தெரிவித்தது. விதையின் வடிவம் நூறாண்டு கழிந்தும் மாறாது. நுண்ணுயிர்க் கூட்டமோ ஒரு மழையில் மாறும், ஈரத்தோடு கட்டிவைத்த மூட்டைக்குள் ஒரு வாரத்தில் மாறும்.

மகஜரிலிருந்து கூண்டு வரை

அதனால் தாவரச் சான்றின் கதி ஆய்வகத்துக்கு முன்பே, அது கைப்பற்றப்படும் இடத்தில் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. கிராம நிர்வாக அலுவலர் சாட்சிக் கையொப்பமிட எழுதப்படும் மகஜரில் இலை எங்கே, எந்த நிலையில் கிடைத்தது என்பது துல்லியமாகப் பதிவாக வேண்டும். பச்சை இலையைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடித்து, மரத்தின்மேல் இருந்த நுண்ணுயிர்களை மூட்டையில் வளர்ந்தவை மூடிவிடும் என்பதால், காகித உறையே தகுந்தது. நுண்ணுயிர் ஆய்வுக்கெனத் தனி மாதிரி எடுத்துக் குளிரில் அனுப்ப வேண்டும். ஒப்பீட்டுக்காகச் சம்பவ இடத்தின் பல முனைகளிலிருந்தும், சந்தேகத்துக்குரியவர் வழக்கமாக நடமாடும் இடங்களிலிருந்தும் மாதிரி எடுப்பது இன்றியமையாதது. தோப்பில் கூலி வேலை செய்பவரின் சட்டையில் மா மகரந்தம் இருப்பதில் வியப்பு ஏதும் இல்லை.

1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 45ஆம் பிரிவாக இருந்த வல்லுநர் கருத்து பற்றிய விதி, 2024ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 39ஆம் பிரிவாகத் தொடர்கிறது. அதே நாளில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம், 7 ஆண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறைத் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்கே சென்று சான்று திரட்டும் முறையை மாநிலங்கள் 5 ஆண்டுகளுக்குள் கொண்டுவர வேண்டும் என்கிறது. விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே அமைந்திருப்பதால், இவ்வட்டாரத்து மண்ணிலும் மரத்திலும் கிடைக்கும் சான்று மலையடிவாரத்தை விட்டு அகலாமலே எடைபோடப்படுகிறது.

அந்நீதிமன்றத்தின் குறுக்கு விசாரணையில் தாவரவியல் வல்லுநரிடம் எழுப்பப்படும் கேள்வி 1849ஆம் ஆண்டிலிருந்து மாறவில்லை: இது இன்னதுதான் என்பதை எதனோடு ஒப்பிட்டு அறிந்தீர்கள்? ஊமத்தை விதைக்கும் செம்மரக் கட்டைக்கும் மலைக்காட்டு மகரந்தத்துக்கும் வல்லுநர் ஓர் அலமாரியைத் திறந்து காட்டலாம். இலைமேல் வாழும் நுண்ணுயிருக்கு அத்தகைய அலமாரி, தோப்புக்குத் தோப்பு, கண்மாய்க்குக் கண்மாய், பருவத்துக்குப் பருவம் நிரப்பப்பட வேண்டியது. குற்றம் நடந்த பிறகு அதனை நிரப்பத் தொடங்கினால் சாட்சி வந்து நிற்கும். அதன் முகத்தை அடையாளம் சொல்ல ஆள் இருக்காது.

(தொடரும்)